குறியும் தூரமும்: வன்னி வேட்டையில் துவக்கு

வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் அம்பு யானையை வீழ்த்திப் புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் உருட்டி, அயலிலிருந்த புற்றின் உடும்பிற் சென்று தங்கியது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வரும் இச்செய்தியை உயர்வுநவிற்சி என்று கூறி அப்பாற் செல்வது வழக்கம். எனினும் வேட்டையை அறிந்தோர் இதனுள் வேறொன்றையும் காண்பர். ஐந்து விலங்குகளும் ஒரே அம்பின் வீச்சினுள், ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. புலவர் மிகைப்படுத்தியது வில்லின் வலிமையையே. தூரத்தை அவர் மிகைப்படுத்தவில்லை. காட்டு வேட்டை அண்மையில் நிகழும் செயல் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

மேனாட்டு வேட்டை நூல்களோ பெரிதும் தூரத்தைப் பற்றியே பேசுகின்றன. முந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் விலங்கை ஒரே வெடியில் வீழ்த்துவதே அவற்றிற் கைத்திறனின் உச்சமெனக் கொள்ளப்படுகின்றது. இத்திறனுக்குத் துணையாய் அமைந்த கருவி, துவக்கின் மேற் பொருத்தப்படும் தொலைநோக்கிக் குறிகாட்டி ஆகும். இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது, அதனை எவ்வாறு நேர்ப்படுத்துவர் என்பதை முதலில் விளக்கி, வன்னிப் பெருநிலத்தின் வேட்டை ஏன் அதனை நாடாது வளர்ந்தது என்பதைப் பின்னர் ஆராய்வோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் காட்டோர வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு இவ்வாராய்ச்சி ஒரு சிறு வாயிலாகும் என்பது எமது கருத்து.

குழாயினின்று வெளிப்பட்ட குண்டு நேர்கோட்டிற் செல்வதில்லை. வெளிப்பட்ட கணத்திலிருந்தே அது நிலத்தை நோக்கி விழத் தொடங்குகின்றது. செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்திற் செல்லும் ஒரு றைபிள் குண்டை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கிற் சேர்க்காவிடின், அது 100 மீற்றரைக் கடப்பதற்கு அரைக்காற் செக்கன் செல்லும். அதனுள் அது ஏறத்தாழ 8 சென்றிமீற்றர் விழுந்திருக்கும். 200 மீற்றரில் இவ்வீழ்ச்சி 31 சென்றிமீற்றர். 300 மீற்றரில் 69. 400 மீற்றரில் 122. தூரம் இருமடங்காகும்போது வீழ்ச்சி நான்மடங்காகின்றது. காற்றுத் தடை குண்டின் வேகத்தைக் குறைப்பதால் உண்மை வீழ்ச்சி இவற்றினும் மிகுதியே.

கண்ணின் பார்வைக்கோடு வளைவதில்லை. குண்டின் பாதையோ வளைகின்றது. இவ்விரண்டையும் குறித்த ஒரு தூரத்திற் சந்திக்கச் செய்வதே குறிகாட்டியை நேர்ப்படுத்துதல் ஆகும். அத்தூரத்தைப் பூச்சியத்தூரம் என்று வழங்கலாம். குறிகாட்டி குழாய்க்கு மேலே நாலைந்து சென்றிமீற்றர் உயரத்தில் அமர்ந்திருக்கின்றது. ஆகவே குழாய் பார்வைக்கோட்டை நோக்கிச் சற்றே நிமிர்ந்து நிற்குமாறு அமைக்கப்படுகின்றது. குண்டு கீழிருந்து எழுந்து, பார்வைக்கோட்டைத் தொட்டு அல்லது கடந்து, பின்னர் அதன் கீழ் இறங்குகின்றது.

நேர்ப்படுத்தும் முறை கடினமானதன்று, பொறுமையை வேண்டுவது. துவக்கை மணல்மூட்டையின் மேல் அசையாது கிடத்தி, 100 மீற்றர் தூரத்தில் நாட்டிய தாளின் நடுப்புள்ளியை நோக்கி மூன்று வெடி வைப்பர். ஒரு வெடியை மட்டும் நம்புதல் ஆகாது. சுடுவோனின் கைப்பிழையும் கருவியின் பிழையும் அதிற் கலந்திருக்கும். மூன்று துளைகளின் நடுவிடமே கருவியின் உண்மை நிலையைக் காட்டும். அந்நடுவிடம் புள்ளிக்கு 9 சென்றிமீற்றர் கீழும் 6 சென்றிமீற்றர் வலமுமாக இருக்கின்றது எனக் கொள்வோம். குறிகாட்டியின் மேலும் பக்கத்திலும் இரு திருகுகள் உண்டு. அவற்றைத் திருப்பும்போது 'கிளிக்' என்னும் ஒலியுடன் படிப்படியாக நகரும். ஐரோப்பிய அளவைக் கருவிகளில் ஒரு சொடுக்கு 100 மீற்றரில் ஒரு சென்றிமீற்றர் மாற்றத்தைத் தரும். எனவே மேல்நோக்கி ஒன்பது சொடுக்கும் இடப்புறமாக ஆறு சொடுக்கும் திருப்புதல் வேண்டும். அமெரிக்கக் கருவிகளிற் பெரும்பாலானவை கோண அளவையாகிய கலையின் காற்பங்கை ஒரு சொடுக்காகக் கொள்வன. ஒரு கலை என்பது பாகையின் அறுபதில் ஒன்று. 100 மீற்றரில் அது 2.9 சென்றிமீற்றருக்குச் சமம். ஆதலின் காற்கலைச் சொடுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். திருப்பிய பின் மீண்டும் மூன்று வெடி வைத்துச் சரிபார்ப்பர். இடையிடையே குழாய் ஆறவேண்டும். சூடேறிய குழாய் வேறிடத்திற் குண்டைப் போடும்.

இனிக் கண்ணின் பிழை ஒன்று உளது. குறுக்கிழைகளும் இலக்கின் விம்பமும் குறிகாட்டியினுள் ஒரே தளத்தில் அமையாவிடின், தலையைச் சிறிது அசைத்த அளவில் இழை இலக்கின்மேல் நகர்வது போலத் தோன்றும். ஓடும் பேருந்தினின்று நோக்குகையில் அண்மை மரம் தொலை மரத்தின்மேல் நகர்வதைப் போன்றதே இதுவும். ஆகவேதான் ஒவ்வொரு முறையும் கன்னத்தைக் கட்டையின் ஒரே இடத்தில் வைக்கவேண்டும் என்று பயிற்றுவோர் வற்புறுத்துவர்.

மேற்கூறிய துவக்கை 100 மீற்றரில் நேர்ப்படுத்திவிட்டு 300 மீற்றரில் நிற்கும் விலங்கின் நெஞ்சை நோக்கிச் சுட்டால், தடையற்ற கணக்கிலேயே குண்டு 37 சென்றிமீற்றர் தாழ்ந்து செல்லும். இதனை ஈடுசெய்யப் பன்னிரண்டு சொடுக்கு மேலேற்றல் வேண்டும்; ஏனெனில் 300 மீற்றரில் ஒரு சொடுக்கின் பெறுமதி 3 சென்றிமீற்றர். கணக்கு எளிது. இடர்ப்பாடு எங்கே வருகின்றதெனின், விலங்கு 300 மீற்றரில் நிற்கின்றது என்பதை யார் சொன்னார்? அது உண்மையில் 350 மீற்றரில் நிற்குமாயின் அதே பன்னிரண்டு சொடுக்குடன் சென்ற குண்டு 14 சென்றிமீற்றர் தாழ்வாகப் படும். மானொன்றின் நெஞ்சுப்பகுதியில் உயிர் உடனே பிரியத்தக்க இடம் ஏறத்தாழ ஒரு சாண் விட்டமுள்ள வட்டமே. அவ்வட்டத்தின் நடுவிலிருந்து 14 சென்றிமீற்றர் தாழ்ந்த குண்டு காலை முறிக்கும். அல்லது நெஞ்செலும்பைக் கிழித்துச் செல்லும். விலங்கு ஓடிவிடும். பின்னர் அது எங்கோ ஒரு பற்றையினுள் இரண்டு மூன்று நாள் கிடந்து சாகும்.

காற்று இதனினும் கொடியது. பக்கவாட்டில் மணிக்குப் பதினாறு கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, 300 மீற்றர் செல்லும் குண்டை ஒரு சாணளவு ஒதுக்கிவிடும். வீழ்ச்சியைத் தூரத்தைக்கொண்டு கணிக்கலாம். காற்றையோ சுடுவோன் நிற்கும் இடத்தில் ஒன்றாகவும் இடைவழியில் வேறொன்றாகவும் காண்கின்றோம். தொலைதூர வேட்டையைக் கலையெனப் போற்றுவோர் இவ்விடத்தில் நேர்மையாகப் பேசுவது அரிது.

இத்தகைய கருவி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. 1861 முதல் 1865 வரை அங்கு நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் மனிதரைச் சுடுவதற்குப் பயன்பட்டது. புல்வெளிகளும் மலைச்சரிவுகளும் நிறைந்த நாடுகளின் வேட்டையாளர் அதனை ஏற்றனர். அங்கு விலங்கு வேட்டையாளனைத் தொலைவிலேயே கண்டுகொள்ளும், அணுகுதல் அரிது. ஆகவே தூரத்தை வெல்லும் கருவி அந்நிலத்திற்கு ஏற்புடைத்தாயிற்று.

வன்னியின் நிலம் வேறு. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் செறிந்த உலர்வலயக் காடு அது. மரங்களின் கீழே முட்பற்றைகளும் கொடிகளும் பின்னிக் கிடக்கின்றன. ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணி செல்லும் பாதையின் இருமருங்கிலும் காட்டினுட் பத்தடி நுழைந்தோர் அறிவர்: முப்பது மீற்றருக்கு அப்பால் நிற்கும் மரையையும் கண் காணாது, காது கேட்கும், அவ்வளவே. இங்கே நான்குமடங்கு உருப்பெருக்கும் குறிகாட்டியால் யாது பயன்? அத்தகைய கருவியினூடாக 100 மீற்றரிற் பத்து மீற்றர் அகலமே புலப்படும். பதினைந்து மீற்றரில் அது ஒன்றரை மீற்றராகச் சுருங்கிவிடும். பற்றையினின்று பாய்ந்துவரும் பன்றியின் விலாவோ காலோ கண்ணுக்குத் தெரியுமன்றி, அது எத்திசையிற் செல்கின்றது என்பது தெரியாது. மேலும் இடையிலுள்ள சிறு கொப்பும் குண்டைத் திசைமாற்றவல்லது.

வெட்டவெளியான பார்வை வன்னியிற் கிடைப்பது ஓரிடத்தில்தான்: வற்றிய குளத்தின் படுகை. சோழகக் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களிற் சிறுகுளங்களும் மோட்டைகளும் வற்றிவிட, எஞ்சிய நீரை நாடி விலங்குகள் வந்து கூடும். கரையில் நின்று நோக்கினால் இருநூறு முந்நூறு மீற்றருக்குத் தடையில்லை. ஆயின் அதே பருவத்திற்றான் காற்றும் மிகக் கடுமையாக வீசுகின்றது; வெடித்த களிமண்ணின்மேற் கானல் எழுந்து இலக்கின் விம்பத்தை நடுங்கச் செய்கின்றது. தொலைதூரக் குறிக்கு இடந்தரும் நிலமே அக்குறியைக் குலைக்கும் காற்றையும் தருகின்றது என்பது கவனிக்கற்பாலது.

வன்னி வேட்டையாளன் இக்காற்றை வேறுவகையிற் கையாண்டான். விலங்கு தன் மணத்தைப் பிடித்துவிடாதிருக்கும் பொருட்டுக் காற்று விலங்கிடமிருந்து தன்னை நோக்கி வீசும் பக்கத்தைத் தேர்ந்து அமர்வது அவனது முதல் விதி. நீர்நிலையின் ஓரத்திற் குழி தோண்டியோ மரத்திற் பரண் கட்டியோ அவன் காத்திருந்தான். இவ்வாறு அமர்ந்தவனுக்குக் காற்று முகத்திற்கு நேரே வருகின்றது, பக்கவாட்டில் வருவதில்லை. குண்டைப் பக்கம் ஒதுக்கும் சிக்கல் அவனுக்கு எழவேயில்லை. தூரத்தைக் கணிப்பதற்குப் பதிலாகத் தூரத்தை ஒழித்தான் எனலாம். சங்க நூல்களில் தினைப்புனங் காப்போர் ஏறியிருந்த இதணமும் இப்பரணும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட, அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தைப் பொருளாகக் கொண்ட நாவலில் வரும் சிலிந்துவும் நீர்நிலையருகே காத்திருக்கும் வேட்டையாளனே. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' (1973) வன்னியின் காட்டோர வாழ்வை உள்ளிருந்து காட்டுகின்றது. வேட்டை பற்றி ஆராய்வோர் அரசாங்க அறிக்கைகளுக்கு முன்னர் அதனைப் படித்தல் நன்று.

அவனது கருவியும் அண்மையையே வேண்டிற்று. இடியன் என்று வழங்கும் துவக்கில், வாய்வழியாக மருந்தை இட்டு, தும்பை அடைத்து, சன்னத்தைப் போட்டு, கோலால் இடித்து நிரப்புதல் வேண்டும். ஒரு வெடி தவறினால் மறுவெடிக்கு நேரமில்லை. குழாயினுட் புரி இல்லாமையாற் குண்டு சுழலாது. ஐம்பது மீற்றருக்கு அப்பால் அது எங்கே படும் என்பதை உறுதியாகக் கூறமுடியாது. பின்னர் வந்த தோட்டாத் துவக்கும் புரியற்ற குழாயுடையதே. அதனைப் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு என்பதன் பொருள், குழாயின் விட்டத்திற்குச் செய்த ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை என்பதே, விட்டம் 18.5 மில்லிமீற்றர்.

இவ்வேட்டையை விளையாட்டாகக் கொண்டோர் வேறொரு வர்க்கத்தினர். சாமுவேல் பேக்கர் 1850களில் வெளியிட்ட இரு நூல்களும் ஆங்கிலக் கனவான் ஒருவர் இலங்கைக் காடுகளில் எத்தனை யானைகளையும் மரைகளையும் வீழ்த்தினார் என்பதைக் களிப்புடன் கூறுகின்றன. 1845இல் இறந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர்பெற்றவர். எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது நூலில், தலைக்குச் சில சிலிங் வீதம் அரசு பரிசளித்தமையால் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 1848க்கு முந்திய மூன்றாண்டிற்குள் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாகக் குறிப்பிடுகின்றார். அந்த வட மாகாணத்தின் யானைக்காடுகளுள் வன்னியும் அதனை அடுத்த மன்னார்ப் புறமும் அடங்கும்; யாழ்ப்பாணக் குடாநாடு அத்தகையதன்று. பரிசு கொடுத்துக் கொல்வித்த ஆட்சியே பின்னர் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலச் சட்டத்தையும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தையும் இயற்றியது. பாதுகாப்புச் சட்டம் வேண்டியதே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அழிவின் பெரும்பங்கிற்குக் காரணமானோர் நூலாசிரியர்களாக விளங்க, இறைச்சிக்காக ஒரு மானைச் சுட்டவன் கள்ள வேட்டைக்காரன் ஆனான் என்பதையும் வரலாறு பதிந்துகொள்ளவேண்டும்.

வன்னி உழவனுக்கு வேட்டை ஒருபோதும் வயலினின்று பிரிந்து நின்றதன்று. பன்றியை வன்னி வழக்கிற் பண்டி என்பர்; 'பண்டிப்பள்ளு' என்று ஒரு நாட்டுப்பாடலே அதன்மேல் உளது. கதிர் முற்றிய வயலினுள் ஓரிரவு புகுந்த பன்றிக்கூட்டம் தின்பதிலும் உழக்கி அழிப்பது மிகுதி. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின் பின்னர் மலையகத்தினின்று இடம்பெயர்ந்து வந்து காட்டோரங்களிற் குடியமர்ந்த மக்களுக்கு இவ்விடர் இருமடங்காயிற்று. காட்டிற்கு மிக அண்மையான நிலம் அவர்களது. காணியுறுதியும் கந்தோர்த் தொடர்பும் இல்லாமையால் துவக்கு அனுமதிப்பத்திரத்திற்கு மிகத் தொலைவில் நின்றவர்களும் அவர்களே.

1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தைப் பற்றி இங்கு விரிவாகப் பேசுதல் எமது நோக்கமன்று. குறிபார்த்தல் என்னும் சொல் அக்காலத்தில் விலங்கைவிட மனிதரையே மிகுதியும் சுட்டிற்று என்பதை மட்டும் குறித்துச் செல்வோம். மக்கள் மீண்டுவந்தபோது வயல்கள் காடாகிக் கிடந்தன, கண்ணிவெடிகள் அகற்றப்படாத நிலங்கள் இருந்தன, பன்றிகள் பெருகியிருந்தன.

துவக்கற்றவன் நாடும் வழிகள் இரண்டு. ஒன்று கட்டுத்துவக்கு. விலங்கு நடக்கும் தடத்திற்குக் குறுக்கே கம்பி இழுத்து, அது காலில் இடறியவுடன் வெடிக்குமாறு குழாயைக் கட்டிவிடுவது. மற்றையது பன்றிவெடி. இரையினுள் மறைத்த வெடிமருந்து கடித்த மாத்திரத்தில் வாயைச் சிதைக்கும். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடிப்பதும், தாடை சிதைந்து உண்ணமுடியாது பல நாள் அலைந்து சாவதும் இலங்கையின் யானைக் காடுகளில் வழமையாகிவிட்டன. கட்டுத்துவக்கு அதனினும் குருடு. சங்க நூல்கள் கூறும் அடார் என்னும் கற்பொறியும் ஆளில்லாத பொறியே. ஆனால் அது தன் கீழ் வந்ததை மட்டும் நசுக்கும். கட்டுத்துவக்கின் குழாயோ முழங்கால் உயரத்தில் நிற்கின்றது. விறகுக்கும் தேனுக்கும் செல்வோரும், தவறிய மாட்டைத் தேடிச் செல்வோரும் நடப்பது அதே தடத்தில். தொலைநோக்கிக் குறிகாட்டியும் கட்டுத்துவக்கும் இருவேறு உலகத்துப் பொருள்களாகத் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: சுடுவோன் சுடப்படுவதை நன்கு காணாத தூரத்தில் நிற்கின்றான், ஒன்றில் முந்நூறு மீற்றர், மற்றதில் ஓர் இரவு.

மேலும் ஒரு றைபிள் குண்டு இலக்குத் தவறினால் மூன்று கிலோமீற்றருக்கும் அப்பாற் செல்லவல்லது. சமநிலமான வன்னியிற் குண்டைத் தாங்கும் குன்றில்லை. குளக்கட்டு ஒன்றே தடை. கட்டின் அப்பால் வயலும் அதன் அப்பாற் குடிமனையும் அமைந்திருப்பதே குளத்தோடு கூடிய ஊர்களின் அமைப்பு. பயிர்ப்பாதுகாப்பிற்கு வேட்டைத் துவக்கு ஏற்றது, றைபிள் ஏற்றதன்று என்று கொள்வதற்கு இவ்வொரு காரணமே போதும்.

மரை, மான், கரடி, சிறுத்தை, யானை ஆகியன சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்லுதல் குற்றம். பன்றி அப்பாதுகாப்பினுள் அடங்காது. அனுமதி பெற்ற துவக்கை உடைய உழவன் தன் பயிரைக் காக்கும்போது அவனுக்கும் ஒரு நேர்ப்படுத்தல் உண்டு. அதற்குத் திருகும் கண்ணாடியும் வேண்டியதில்லை. வேட்டைத் துவக்கின் சன்னங்கள் குழாயைவிட்டு விரிந்து செல்வன. வாய் ஒடுக்கமில்லாத குழாயாயின், 36 மீற்றர் தூரத்தில் 76 சென்றிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தினுள் நூற்றுக்கு நாற்பது சன்னங்களே விழும். பன்றி வேட்டைக்கு வழங்கும் எஸ்.ஜி. தோட்டாவில் ஒன்பது சன்னங்கள் எனக் கொண்டால், அவ்வட்டத்தினுள் மூன்று அல்லது நான்கு. உயிர்நிலையான 20 சென்றிமீற்றர் வட்டம் அதன் பரப்பிற் பதினான்கில் ஒரு பங்கு. சன்னங்கள் சீராகப் பரவுமாயின் நான்கு வெடிக்கு ஒரு சன்னம் அங்கே படும். மற்றைய மூன்று வெடியும் பன்றியைக் காயப்படுத்தி ஓட்டும். இலங்கைக் காட்டுப்பன்றி காயப்பட்டபின் எத்தகையது என்பதை ஊர்களில் வடுக்களைக் காட்டிச் சொல்வோர் உளர்.

ஆகவே ஒரு பழைய சாக்கை விரித்துக் குளக்கட்டின் உட்புறச் சரிவில், கட்டின்மேலும் அயலிலும் ஆள் நடமாட்டம் இல்லையென்று உறுதிசெய்தபின், கம்புகளில் நிறுத்தி, நடுவிற் கரியால் ஒரு சாண் வட்டம் இட்டு, முதலிற் பதினைந்து கவடு தூரத்திலும், பின்னர் இருபது, இருபத்தைந்து, முப்பது கவடுகளிலும் தனித்தனிச் சாக்குகளில் ஒவ்வொரு வெடி வைத்துப் பார்த்தல் வேண்டும். வட்டத்தினுள் மூன்று துளைகளுக்குக் குறையத் தொடங்கும் தூரம் எதுவோ அதற்கு முந்தியதே அத்துவக்கின் எல்லை. துவக்குக்குத் துவக்கு இது வேறுபடும். தோட்டாவை மாற்றினாலும் வேறுபடும். அவ்வெல்லையை வயலின் வரம்பில் ஒரு தடியை நாட்டிக் குறித்துவைத்தால், இருளிற் பன்றி தடிக்கு இப்பாலா அப்பாலா என்பதே கேள்வியாகும்.